அடி நிற்க முடி உயர

வளர்ச்சி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். குழந்தை வளர்கிறது, கொடி வளர்கிறது, விடுதிக் கணக்கில் கடனும் வளர்கிறது. ஆனால் ஒரு பொருள் வளரும்போது அதன் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தப் பக்கம் நகராமல் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தென்னை வளர்கிறது என்றால் குருத்து மேலே போகிறது. தூர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பலூன் பெருக்கிறது என்றால் எல்லாப் பக்கமும் ஒருங்கே விரிகிறது. இரண்டும் வளர்ச்சிதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஓர் உயிரற்ற இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க முற்படும்போதுதான், அது எவ்வளவு நுட்பமானது என்பது விளங்குகிறது.

இயந்திரம் என்று நான் குறிப்பது கணிப்பொறியை. அதிலும் ரோபிளாக்ஸ் என்னும் விளையாட்டுக் களத்தை. டேவிட் பசூக்கி, எரிக் காசல் என்னும் இருவர் தொடங்கி, 2006-ஆம் ஆண்டு வெளிவந்தது அது. நம் மன்றத்து நண்பர்களின் தம்பி தங்கையருள் அதை அறியாதவர் அரியர். பெற்றோர் அதனைக் காலக்கொலை என்பர். பிள்ளைகள் கலை என்பர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அங்கே பிறர் செய்த விளையாட்டை ஆடலாம். தாமே ஒன்றைச் செய்து பிறரை ஆடவிடவும் செய்யலாம். செய்வதற்கு உரிய மொழி லுவாவ் எனப்படும். 1993-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில், ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா என்னும் மொழியின் வழிவந்தது அது. லுவா என்றால் போர்த்துகீசிய மொழியில் நிலா. பெயர் இனிமையானது, மொழியும் எளிமையானதே.

இவ்வுலகில் சுவர், தூண், நீர், நிலம் எல்லாம் பெரும்பாலும் கட்டைகளால் ஆனவை. கட்டை ஒன்றுக்குப் பெயர் பார்ட். ஒரு பார்ட்டைப் பற்றிக் கணிப்பொறி முதன்மையாக நினைவில் வைப்பவை இரண்டு: அதன் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பது ஒன்று, நீளம், அகலம், உயரம் எவ்வளவு என்பது மற்றொன்று. முன்னது பொசிஷன், பின்னது சைஸ். அளக்கும் அலகு ஸ்டட். 'அடிப்பக்கம் இங்கே இருக்கிறது' என்ற செய்தி எங்கும் தனியே எழுதி வைக்கப்படவில்லை என்பதை மட்டும் நண்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். கதையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது மைசூரில் குவெம்பு நகரில், ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளிக் கண்காட்சிக்காக ரோபிளாக்ஸில் ஓர் அணையைக் கட்டிக்கொண்டிருந்தான். எந்த அணை என்று கேட்கத் தேவையில்லை. மைசூரில் அணை என்றால் கிருஷ்ணராஜ சாகரந்தான். ஏமாவதியும் இலட்சுமண தீர்த்தமும் காவிரியோடு கூடும் இடத்தை ஒட்டி, 1911-இல் தொடங்கி விசுவேசுவரய்யா எழுப்பிய அணை அது. நீருள் மூழ்கிய கன்னம்பாடி என்ற ஊரின் பெயரால் 'கன்னம்பாடிக் கட்டெ' என்று இன்றும் இங்கே சொல்வார்கள். தஞ்சைப் பக்கத்து முதியவர்களும் அதைக் 'கண்ணம்பாடி' என்றே குறிப்பிடுவார்கள். ஆற்றின் மேற்கரையாரும் கீழ்க்கரையாரும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஒரு வியப்பு.

பையன் கணக்கில் கெட்டிக்காரன். பத்து அடிக்கு ஒரு ஸ்டட் என்று அளவு வைத்துக்கொண்டான். 8,600 அடி நீள அணை 860 ஸ்டட் ஆயிற்று. நீருக்கு ஒரு நீலக் கட்டை. அணையின் முழு நீர்மட்டம் 124.80 அடி, ஆகவே நிரம்பிய நீரின் உயரம் 12.48 ஸ்டட். கோடையில் 80 அடியில் நிற்கும் நீர், மழை வந்ததும் 124.80 அடிக்கு ஏறுவதைப் பத்து விநாடியில் காட்டவேண்டும். அணைச் சுவரில் அடிக்குறிகளும் வரைந்திருந்தான். மேலே ஒரு பலகை. அதில் எண் ஓடும்.

ஒருநாள் மாலை மாடிப்படி ஏறி வந்தான்.

“அண்ணா, 22 அடி தண்ணீரைக் காணவில்லை” என்றான் கன்னடத்தில்.

பலகை 124.80 என்று காட்டியது. ஆனால் நீலக் கட்டையின் மேற்பரப்போ, சுவரில் எழுதிய குறிகளின்படி 102.40 அடியில் நின்றது. மீதி எங்கே?

“வகுப்பில் எல்லாரும் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது என்கிறார்கள்.”

சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வர நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் சிரித்தேன். சிரிப்பு உண்மையானதுதான். ஆனால் அதற்குள் வேறு ஒன்றும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், மழை பொய்த்து, தமிழ்நாட்டுக்கு நீர் விடக்கூடாது என்று 26-ஆம் நாள் பெங்களூரிலும் 29-ஆம் நாள் கருநாடகம் முழுவதும் கடையடைப்பு நடந்தபோது, இதே மாடியில் நாங்கள் சன்னல்களைச் சாத்திக்கொண்டு, தொலைக்காட்சியில் தமிழ் ஒலியைத் தாழ்த்தி வைத்திருந்தோம். தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கார அம்மா இருட்டும் வேளையில் மேலே வந்து, கடை திறக்கவில்லையே என்று தம் வீட்டுப் பாலில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆயினும் ஒலியைத் தாழ்த்தி வைத்த மாலை மனத்தை விட்டுப் போகவில்லை.

“வா, தேடுவோம்” என்றேன்.

பார்வையை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னேன். விளையாட்டு உலகத்தில் அது எளிது. தரைப்பலகைக்குக் கீழே, யாரும் பார்க்காத இருட்டில், நீலமாக ஒரு பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அளந்தான்: 2.24 ஸ்டட். காணாமற்போன 22.4 அடி முழுவதும் அங்கே இருந்தது. எங்கும் போகவில்லை. அணையின் அடியிலேயே புதைந்து கிடந்தது.

எப்படிப் புதைந்தது? முன்பே சொன்னேன், கட்டைக்குத் தெரிந்தது அதன் நடுப்புள்ளி மட்டுமே என்று. 8 ஸ்டட் உயரமுள்ள கட்டை தரையில் நின்றால் அதன் நடுப்புள்ளி 4 ஸ்டட் உயரத்தில் இருக்கும். 'உயரம் 12.48 ஆகுக' என்று ஆணையிட்டால், கட்டை பலூனைப் போல் நடந்துகொள்கிறது. நடுப்புள்ளியை அசைக்காமல், கூடிய 4.48 ஸ்டட்டையும் மேலுக்குப் பாதி, கீழுக்குப் பாதி என்று பங்கிட்டுவிடுகிறது. மேலே 2.24 ஏறி 10.24 ஆகிறது, கீழே 2.24 இறங்கித் தரையைத் துளைக்கிறது. கணிப்பொறி பிழை செய்யவில்லை. மேல்நோக்கி வளர் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வளர் என்று மட்டுமே சொன்னார்கள்.

இதற்குத் தீர்வு ஒரே வரி. எவ்வளவு வளர்கிறதோ அதில் பாதியளவு நடுப்புள்ளியை மேலே தூக்கவேண்டும். வளர்ச்சி 4.48; பாதி 2.24, நடுப்புள்ளி 4-லிருந்து 6.24-க்குப் போகவேண்டும். அப்போது அடி எங்கே? 6.24-இலிருந்து 12.48-இன் பாதியைக் கழித்தால் சுழி. அடி தரையிலேயே இருக்கிறது. முடி 12.48-க்கு ஏறுகிறது.

பௌதிகம் படிக்கும் நமக்கு இது புதிதன்று. 100 மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகு உத்தரம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீள்கிறது. இரு முனையும் கட்டின்றி இருந்தால் முனைக்கு 18 மில்லிமீட்டராக இருபுறமும் நீளும், நடு அசையாது. பாலம் கட்டுவோர் அப்படி விடுவதில்லை. ஒரு முனையை அசையாமல் பிணைத்து, மறுமுனையை உருளைகள் மேல் வைப்பார்கள். அப்போது 36-ம் ஒரே பக்கம் போகிறது. உத்தரத்தின் நடுப்புள்ளி 18 மில்லிமீட்டர் நகர்கிறது. பையனின் 2.24-க்கும் பாலத்தின் 18-க்கும் கணக்கு ஒன்றே. மானச கங்கோத்ரியில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது உறங்கிய நண்பர் ஒருவருக்கு இதை அணைக்கதையாகச் சொன்னேன். உடனே விளங்கிற்று என்றார். உறக்கம் கலைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் தொடக்கமும் முடிவும் சரியானால் போதுமா? போதாது. இடையில் ஓடும் பத்து விநாடியும் சரியாக வேண்டும். பழைய கேலிச்சித்திரப் படக்கூடங்களில் முதன்மை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை உதவியாளர் வரைவார். இடையில் என்பதைக் குறிக்கும் அவர்கள் தொழிற்சொல்லே சுருங்கி ட்வீன் என்றாயிற்று. ரோபிளாக்ஸில் ட்வீன் சர்வீஸ் என்னும் ஏவலாளன் அந்த உதவியாளரின் வேலையைச் செய்கிறான். முடிவில் அளவு இது, இடம் இது, ஆகும் காலம் இவ்வளவு, வேகம் கூடிக் குறையும் பாங்கு இன்னது என்று சொன்னால், இடைநிலைகளை அவனே நிரப்பிவிடுவான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அளவையும் இடத்தையும் ஒரே ட்வீனில் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அப்போது இரண்டும் ஒரே தாளத்தில் போகும். பாதி வழியில் உயரம் 10.24, நடுப்புள்ளி 5.12, அடி அப்போதும் சுழியே. எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அடி அசைந்திராது. அளவுக்கு ஒரு ட்வீன், இடத்துக்கு ஒரு ட்வீன் என்று பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு வேகப் பாங்கு கொடுத்தால் தொடக்கமும் முடிவும் சரியாக இருக்கும். நடுவில் மட்டும் நீர் தரையை விட்டு மிதக்கும், அல்லது தரைக்குள் மூழ்கும். பையனுக்குத் துள்ளல் பாங்கின்மேல் ஆசை. பவுன்ஸ் என்று அதற்குப் பெயர். நிரம்பிய அணை தளும்புவது போல் இருக்குமாம். ஒரே ட்வீனில் வைத்தபடியால் முடி எவ்வளவு துள்ளியபோதும் அடி அசையவில்லை. அதைக் கண்டு அவன் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. எனக்கு மட்டும், காவிரி பந்துபோல் துள்ளுவது உடன்பாடில்லை. அணை அவனுடையது; விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு சொல்லவேண்டும். கட்டையை ஆங்கர் செய்து, அதாவது நிலைப்படுத்தி வைக்கவேண்டும். இல்லையேல் விளையாட்டு உலகத்தின் ஈர்ப்புவிசை அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்க, ட்வீன் மேலே தூக்க, நீர் வெட்டி வெட்டி இழுக்கும். ரீசைஸ் என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. எந்த முகம் வளரவேண்டும் என்று அதற்குச் சொன்னால் எதிர்முகத்தை அசைக்காமல் வளர்த்துவிடும். ஆனால் அது ஒரே தாவல். மெல்ல ஏறும் காட்சி அதில் இல்லை.

நேராக மேலே வளர்வது இவ்வளவுதான். சாய்ந்த திசையில் வளர்வது சற்றே கடினம். அணையிலிருந்து புறப்பட்டு மண்டியா வயல்களுக்குப் போகும் விசுவேசுவரய்யா கால்வாயைப் பையன் கோணலாக வரைந்திருந்தான். மதகிலிருந்து நீர் ஊர்ந்து செல்லவேண்டும். மதகுப் பக்கத்து முகம் நிற்க, மறுமுகம் ஓடவேண்டும். உலகத்தின் கிழக்கு மேற்கை வைத்து நடுப்புள்ளியை நகர்த்தினால், கோணலான கட்டை கால்வாயை விட்டுக் கரைமேல் ஏறிவிடும். ஒவ்வொரு கட்டைக்கும் அதன் முகம் எந்தப் பக்கம் என்பது தெரியும். இடமும் திசையும் சேர்ந்த அந்தக் குறிப்புக்குச் சிஃப்ரேம் என்று பெயர். அந்தக் கட்டையின் சொந்த முன்திசையில், நீண்டதில் பாதி தூரம் நகர்த்தவேண்டும். உலகத்தின் திசை வேறு, தன் திசை வேறு என்பதைப் பையன் கால்மணியில் பிடித்துக்கொண்டான். என் வகுப்பில் சிலருக்கு ஒரு பருவம் பிடித்தது.

அணை நிரம்பியது. கால்வாய் ஓடியது. கண்காட்சிக்கு அது போதும். ஆனால் பையனை அந்த 22 அடி விடவில்லை. “அண்ணா, உங்கள் ஊர் அணையையும் வைக்கலாமா?” என்றான்.

எங்கள் ஊர் அணை என்றால் மேட்டூர். 1934-இல் கட்டி முடிந்தது. முழு மட்டம் 120 அடி. நாங்கள் மேட்டூர்க்காரர் அல்லர். தஞ்சை மாவட்டத்தில் ஆற்றுநீரை நம்பியிருக்கும் ஒரு சிற்றூர் எங்களுடையது. தந்தையார் பிழைப்புக்காக இங்கே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மரபுப்படி மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்னிரண்டு வாரம் அவரிடமிருந்து தொலைபேசி வரும். உடல்நலம் கேட்பதற்கு முன் அவர் கேட்பது ஒன்றே: “கண்ணம்பாடி எத்தனை அடி?” நாளிதழில் வரும் எண்ணை நான் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். மகனும் பேரனும் இங்கே இருப்பதில் அவருக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த எண் என்று அம்மா சொல்வதுண்டு.

மேட்டூருக்கு ஒரு கட்டை வைத்தோம். உடனே ஒரு சிக்கல். பையன் அதையும் சாகரத்தைப் போன்ற அகல நீளத்தோடு வைத்திருந்தான். கிருஷ்ணராஜ சாகரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 49.45 டி.எம்.சி.; மேட்டூரின் கொள்ளளவு 93.47. உயரம் சற்றே குறைவு. கொள்வதோ ஏறத்தாழ இரு மடங்கு. சராசரியாகப் பார்த்தால் இங்கே ஓர் அடி இறங்கும் நீர், அங்கே அரை அடிதான் ஏற்றும். உண்மையில் ஏரி மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால், அடிமட்டத்து ஓர் அடியும் முடிமட்டத்து ஓர் அடியும் ஒன்றல்ல. பாதி உயரம் நீர் இருக்கிறது என்றால் பாதி நீர் இருக்கிறது என்று பொருளாகாது. பக்கங்கள் செங்குத்தான கட்டையால் அதைக் காட்ட முடியாது. நாளிதழில் அடியை மட்டும் படித்து மகிழ்வதும் வெகுள்வதும் இரு மாநிலத்தார்க்கும் வழக்கம். நானும் தாத்தாவும் அப்படித்தான். மேட்டூர்க் கட்டையின் அகலத்தை இரட்டித்து ஒருவாறு சரிசெய்தோம்.

பிறகுதான் வாக்குவாதம். சாகரத்தின் நீர் இறங்கவேண்டும். மேட்டூரின் நீர் ஏறவேண்டும். இறங்குவதும் அதே கணக்குத்தான்: குறைவதில் பாதியளவு நடுப்புள்ளி கீழே வரும், அடி நிற்கும். எந்த ட்வீன் முதலில் ஓடுவது?

“கால்வாய் முழுவதும் நிரம்பட்டும். அது முடிந்த பிறகு ஆற்றில் விடலாம்” என்றான். ஒரு ட்வீன் முடிந்ததும் மற்றொன்று தொடங்கும்படி எழுத வழி உண்டு. அதை எழுதியும் வைத்திருந்தான்.

“ஆறு அப்படிக் காத்திருக்காது” என்றேன்.

“மண்டியாவில் என் மாமாவுக்கு வயல் இருக்கிறது, அண்ணா.”

“தஞ்சையில் என் தாத்தாவுக்கும் இருக்கிறது.”

இருவரும் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் வழங்கிய தீர்ப்பை அவனுக்குச் சொன்னேன். இயல்பான மழையாண்டில் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளந்து 177.25 டி.எம்.சி. கொடுக்கவேண்டும் என்பதையும், 2007-இல் நடுவர் மன்றம் சொன்ன 192-ஐ விட அது குறைவு என்பதையும், அந்த வேறுபாடு கருநாடகத்துக்கு வந்தது என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டான். மழை இயல்பாக இல்லாத ஆண்டில் என்ன செய்வது என்று கேட்டான். பற்றாக்குறையையும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு என்றேன். “அப்படியானால் கால்வாயும் குறையவேண்டும், ஆறும் குறையவேண்டும்” என்றான். ஆம் என்றேன். காத்திருக்கச் சொன்ன வரியை அவனே அழித்தான். இரண்டு ட்வீன்களையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தான். ஒரே கணத்தில் இரண்டும் புறப்பட்டன.

மேட்டூர் மட்டும் உடனே ஏறக்கூடாது. இங்கே விட்ட நீர் திருமகூடலில் கபினியோடு கலந்து, பிலிகுண்டுலுவையும் ஒகேனக்கல்லையும் கடந்து மேட்டூரைச் சேரச் சில நாள் ஆகும். ட்வீனுக்குக் கொடுக்கும் குறிப்புகளில் ஆறாவது, எவ்வளவு தாமதித்துத் தொடங்குவது என்பது. ஒரு நாளுக்கு ஒரு விநாடி வைத்து 4 என்று போடச் சொன்னேன். பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும், 1 போதும் என்றான் அவன். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு 3 என்று நிற்கிறது.

மேட்டூர்ப் பலகையில் எழுத்து தமிழில் இருக்கவேண்டும் என்று அவனே கேட்டான். எழுதிக் கொடுத்தேன். எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “இது எங்கள் சொல்லாயிற்றே” என்றான். அடி என்பதற்குக் கன்னடத்திலும் அடி என்றுதான் பெயர்.